பட்டாளத்துக்காரரின் உரிமை எந்தக் காகிதத்தில் இருக்கிறது?

"ராணுவத்திலிருந்து வந்தவர்களுக்குச் சட்டப்படி என்னென்ன கிடைக்கும்?" கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்தை ஒட்டிய எங்கள் ஊரில் இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒரு முறையாவது என்னிடம் வருகிறது. அப்பா பட்டாளத்தில் இருந்தவர். அவர் போன பிறகு அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்காக அலைந்ததில் எனக்குச் சில படிவங்கள் பழகிவிட்டன. அதைக் கேள்விப்பட்டு அக்கம்பக்கத்தார் வருகிறார்கள். நான் சொல்லும் முதல் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. சட்டப்படி என்றால், மிகக் கொஞ்சம்.

குதர்க்கமாகச் சொல்லவில்லை. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டால்தான் அது சட்டம். அதை மாற்ற மறுபடியும் நாடாளுமன்றத்துக்குத்தான் போக வேண்டும். முன்னாள் படைவீரர்களின் ஓய்வூதியம், மருத்துவம், மறுவாழ்வு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்துத் தரும் அப்படி ஒரு சட்டம் இந்தியாவில் இல்லை. 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். அது பெரும்பாலும் ஒழுங்கு, தண்டனை, ராணுவ நீதிமன்றம் பற்றியது. ஓய்வூதியத்தைத் தீர்மானிப்பவை பாதுகாப்பு அமைச்சகத்தின் ஓய்வூதிய ஒழுங்குவிதிகள். இ.சி.எச்.எஸ். என்ற மருத்துவத் திட்டம் 2002 டிசம்பர் 30 தேதியிட்ட ஓர் அரசுக் கடிதத்தில் பிறந்து, 2003 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' 2015 நவம்பர் 7 தேதியிட்ட இன்னொரு கடிதம். கடிதத்தால் வந்ததை அடுத்த கடிதம் கூட்டலாம், குறைக்கலாம், நிபந்தனை போடலாம்.

ஆகவே ஒரு பலன் கிடைக்கவில்லை என்று யாராவது வந்தால், அது எந்தக் காகிதத்தின்படி கிடைக்க வேண்டியது என்றுதான் முதலில் தேடுகிறேன். சட்டமா, ஒழுங்குவிதியா, அமைச்சகக் கடிதமா, மாநில அரசாணையா என்று தெரிந்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும்.

உண்மையான சட்டங்களும் இரண்டொன்று உண்டு. 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் 11ஆம் பிரிவின்படி, கடன் பாக்கிக்காக நீதிமன்றம் அரசு ஓய்வூதியத்தை ஜப்தி செய்ய முடியாது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் வட்டிக்குக் கொடுத்தவரின் கையை இன்றைக்கும் தட்டிவிடுகிறது என்று சொன்னால், கேட்பவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். மற்றொன்று ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம், 2007. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அமெரிக்காவில் கதை நேர்மாறு. முன்னாள் வீரர்களின் பலன்கள் அங்கே நாடாளுமன்றச் சட்டங்களாகவே வருகின்றன. இரண்டாம் உலகப்போர் முடியும் முன்பே, 1944இல், திரும்பி வரும் வீரர்களுக்குப் படிப்புச் செலவும் வீட்டுக் கடனும் தரும் சட்டம் வந்தது. அண்மையில் வந்த பெரிய சட்டம் 2022 ஆகஸ்ட் 10 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்ட 'பேக்ட்' சட்டம். இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் முகாம் குப்பையைப் பெரிய குழிகளில் போட்டு எரித்தார்கள். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்குப் பின்னாளில் சில புற்றுநோய்களும் மூச்சுக்குழல் நோய்களும் வந்தன. 'இது புகையால்தான் வந்தது என்று நிரூபி' என்று வீரரைக் கேட்பதை அந்தச் சட்டம் நிறுத்தியது. குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட காலத்தில் பணி செய்திருந்து, பட்டியலில் உள்ள நோய் வந்தால், பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும். வியட்நாம் போரில் தெளித்த களைக்கொல்லி விஷயத்தில் 1991இல் இதே வழியைத்தான் ஒரு சட்டம் காட்டியிருந்தது.

இந்த 'என்றே கொள்ள வேண்டும்' என்ற அனுமானம் நம் நாட்டிலும் இருக்கிறது. சட்டத்தில் இல்லை, விதியில். படித்தவர்களே அதைத் தவறவிடுவதால் அதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

நோய் யாருடையது?

ராணுவத்தில் ஒருவர் சேரும்போது தலை முதல் கால் வரை பரிசோதிக்கிறார்கள். பல் சொத்தை, தட்டைப் பாதம் வரை பார்த்து, குறை இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்படித் தேறியவருக்குப் பத்து வருடம் கழித்து இரத்த அழுத்தமோ வலிப்போ மனநோயோ வந்து, அதனால் வெளியே அனுப்பப்படுகிறார் என்று வையுங்கள். ஊனமுற்றோர் ஓய்வூதியம் வேண்டுமென்றால் இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். நோய் ராணுவப் பணியால் ஏற்பட்டிருக்க வேண்டும், அல்லது பணியால் மோசமாகியிருக்க வேண்டும். ஊனம் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

வெளியேறும்போது பரிசோதிக்கும் ராணுவ மருத்துவர் குழுவான மெடிக்கல் போர்டு பல நேரம் 'இரண்டும் இல்லை' என்று ஒரு வரியில் எழுதிவிடும். உடற்கூற்றிலேயே இருந்த நோய் என்பார்கள். அந்த ஒரு வரி ஒரு குடும்பத்தின் முப்பது வருட வருமானத்தை அறுத்துவிடும்.

இப்படி ஒரு வரியால் வெறுங்கையோடு அனுப்பப்பட்டவர் தரம்வீர் சிங். 1985இல் சேர்ந்தவர். வலிப்பு நோயால் 20 சதவீத ஊனம் என்று 1994இல் வெளியேற்றப்பட்டார். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்றது போர்டு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் விதிப்புத்தகத்தில் ஏற்கெனவே எழுதியிருந்ததைத்தான் எடுத்துப் படித்தார்கள். சேரும்போது எந்த நோயும் குறிக்கப்படவில்லை என்றால், அவர் நல்ல உடல்நிலையில்தான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பிறகு உடல் கெட்டால் அது பணியால் கெட்டது என்று கொள்ள வேண்டும். இல்லை என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும், வீரர் அல்ல. சேரும்போது கண்டுபிடிக்க முடியாத நோய் என்று போர்டு சொல்வதானால், ஏன் கண்டுபிடிக்க முடியாது என்பதற்குக் காரணம் எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் அதன் பலன் வீரருக்கு.

அடுத்தது எவ்வளவு என்ற கணக்கு. நூறு சதவீத ஊனத்துக்கு, கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் ஊனப் பங்காக, வழக்கமான ஓய்வூதியத்தோடு சேர்ந்து வரும். 20 சதவீத ஊனம் என்றால் கணக்குப்படி 6 சதவீதம்தான். ஆனால் 2001இல் வந்த ஒரு கடிதம் ஊனத்தை மேல்நோக்கி முழுமைப்படுத்தச் சொன்னது: 50க்குக் கீழே இருப்பதை 50 ஆகவும், 50 முதல் 75 வரை இருப்பதை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால், 20 சதவீத ஊனக்காரருக்கு மாதம் 2,400 ரூபாய்க்குப் பதில் 6,000 ரூபாய். முதலில் இது நோயால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். பணிக்காலத்தை முடித்து ஓய்வு பெற்ற ஊனமுற்றவர்களுக்கும் உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதைத் தெரியாமல் பழைய தொகையையே வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரைக் கருங்கல் பக்கம் எனக்குத் தெரியும். காலில் குண்டு பாய்ந்தவர். தனக்கு வரும் பணம் சரியா என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்திருந்தார்.

கடிதம் கூட்டும், குறைக்கும் என்றேன் அல்லவா? 2023 செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகள் வந்துவிட்டன. பணியில் தொடர்ந்து ஓய்வு பெறுபவர்களுக்கு ஊனப் பங்கு என்ற பெயரே மாறிவிட்டது. முன்னாள் வீரர் சங்கங்கள் இதை எதிர்த்தன. நாடாளுமன்றத்தில் சட்டத் திருத்தமாக வந்திருந்தால் ஒரு விவாதமாவது நடந்திருக்கும் என்பது என் எண்ணம். அந்தத் தேதிக்கு முன் வெளியே வந்தவர்களுக்குப் பழைய விதிகளே பொருந்தும். ஆகவே டிஸ்சார்ஜ் புத்தகத்தில் முதலில் பார்க்க வேண்டியது தேதி.

அட்டையும் ஆஸ்பத்திரியும்

கேன்டீன் அட்டையில் மாதம் எத்தனை பாட்டில் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மருத்துவ அட்டையில் என்ன கிடைக்கும் என்பது அட்டை வைத்திருப்பவருக்கே பல நேரம் தெரியாது.

இ.சி.எச்.எஸ். காப்பீடு அல்ல. ஆண்டுதோறும் பிரீமியம் கிடையாது, இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் கிடையாது, ஏற்கெனவே இருக்கும் நோய் என்று தள்ளுவதும் கிடையாது. ஒரே ஒரு முறை பணம் கட்ட வேண்டும். 2017 டிசம்பர் முதல் அமலான தொகை சிப்பாய் முதல் ஹவில்தார் வரை 30,000 ரூபாய், நாயிப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000 ரூபாய், அதிகாரிகளுக்கு 1,20,000 ரூபாய். 1996க்கு முன் ஓய்வு பெற்றவர்களும் போரில் கணவரை இழந்தவர்களும் கட்ட வேண்டியதில்லை. மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் பெற்றோருக்கும் தனித்தனி அட்டை. மகனுக்கு 25 வயது வரை, அல்லது வேலைக்குப் போகும் வரை, அல்லது கல்யாணம் வரை. எது முதலில் வருகிறதோ அது. மகளுக்கு வயது வரம்பில்லை, வேலையோ கல்யாணமோ ஆகும் வரை. பெற்றோருக்கு வருமான வரம்பு உண்டு.

பொதுவாக எந்த நோயானாலும் முதலில் இ.சி.எச்.எஸ். நடத்தும் பாலிகிளினிக். நம் மாவட்டத்துக்கு அது நாகர்கோவிலில் இருக்கிறது. அங்கே மருத்துவர் பார்த்து, மருந்து கொடுப்பார். அங்கே முடியாததை ரெஃபரல் சீட்டு எழுதி, ஒப்பந்தத்தில் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரிக்கோ ராணுவ ஆஸ்பத்திரிக்கோ அனுப்புவார். சீட்டோடு போனால் ஒப்பந்த ஆஸ்பத்திரியில் கையிலிருந்து பணம் கொடுக்க வேண்டியதில்லை. மத்திய அரசுத் திட்டம் என்பதால் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைச் சோதனைச் சாவடி இதற்கு ஓர் எல்லை இல்லை. திருவனந்தபுரத்தின் பாங்கோடு ராணுவ ஆஸ்பத்திரிக்கு எங்கள் பக்கத்துக்காரர்கள் போய் வருவது தலைமுறைப் பழக்கம். 1956 நவம்பர் 1 அன்று எங்கள் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனாலும் பட்டாளத்துக்காரர்களின் கால்கள் இரண்டு பக்கமும் நடந்துகொண்டேதான் இருக்கின்றன.

சிக்கல் நள்ளிரவில்தான் வரும். நெஞ்சு வலிக்கும்போது சீட்டுக்காக யாரும் நாகர்கோவிலுக்கு ஓட மாட்டார்கள். ஓட வேண்டியதும் இல்லை. அவசரம் என்றால் சீட்டு இல்லாமலே ஒப்பந்த ஆஸ்பத்திரியில் சேரலாம். பக்கத்தில் ஒப்பந்த ஆஸ்பத்திரி இல்லாவிட்டால் எந்த ஆஸ்பத்திரியிலும் சேரலாம். ஆனால் இரண்டாவது வகையில் நாம் பணம் கட்டி, பிறகு அரசு நிர்ணயித்த கட்டண அளவுக்குத்தான் திரும்ப வாங்க முடியும்; பில் எவ்வளவு என்பது கணக்கில்லை. 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போயாக வேண்டும். எங்கள் அப்பா விஷயத்தில் நான் கோட்டைவிட்டது இங்கேதான். மூன்றாம் நாள் போய்ச் சொன்னேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கோபப்படவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவும் இல்லை. தாமதத்துக்கு விளக்கம் எழுதித் தரச் சொன்னார். அந்த விளக்கம் எங்கோ ஒரு கோப்பில் பதினோரு மாதம் உட்கார்ந்திருந்தது. இப்போது எங்கள் வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் பாலிகிளினிக் போன் நம்பர் ஒட்டியிருக்கிறது.

யார் முன்னாள் படைவீரர்?

எங்கள் ஊரில் சீருடை போட்ட எல்லோரும் மிலிட்டரிதான். எல்லைப் பாதுகாப்புப் படையில் இருந்தவரும், மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் இருந்தவரும் பட்டாளத்துக்காரர் என்றே அழைக்கப்படுகிறார்கள். காகிதத்தில் அப்படி இல்லை. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றில் இருந்து, உரிய நிபந்தனைகளோடு வெளியே வந்தவர்தான் முன்னாள் படைவீரர். மற்றவர்கள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவர்கள். அவர்களுக்கு வேறு மருத்துவத் திட்டம், வேறு ஓய்வூதிய விதி. குண்டு இரண்டு பேரையும் ஒரே மாதிரித்தான் துளைக்கும் என்று ஒரு ரிசர்வ் போலீஸ்காரர் என்னிடம் கோபித்துக்கொண்டார். அவர் கோபத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' பற்றி நிறையப் பேசப்பட்டுவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே பதவியில் ஒரே அளவு வருடம் பணி செய்த இருவர், ஒருவர் 1990இலும் மற்றவர் 2013இலும் ஓய்வு பெற்றாலும், ஒரே ஓய்வூதியம் பெற வேண்டும் என்பதுதான் கோரிக்கை. சிப்பாய் நாற்பது வயதுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடுவதால் மற்ற அரசு ஊழியரை விட இவருக்கு இது பெரிய விஷயம். 2015 கடிதம் 2014 ஜூலை 1 முதல் அதை அமல்படுத்தி, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை சமன்செய்யப்படும் என்றது. ஆண்டுதோறும் வேண்டும் என்று சங்கங்கள் வழக்குப் போட்டன. 2022 மார்ச் 16 அன்று உச்ச நீதிமன்றம் இது அரசின் கொள்கை முடிவு, தலையிட மாட்டோம் என்றது. 2019 ஜூலை 1க்கான மறுநிர்ணயத்தைச் செய்யுங்கள் என்று மட்டும் உத்தரவிட்டது. சட்டத்துக்கும் கடிதத்துக்கும் உள்ள வித்தியாசம் பணமாக மாறும் இடம் இது.

தங்கபாய், தங்கம், தங்கம்மாள்

பலன்கள் நின்றுபோவதற்கு எங்கள் மாவட்டத்தில் நான் பார்த்த முதல் காரணம் விதி அல்ல, பெயர். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று. வீரர்களின் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் இருந்த வடநாட்டு எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியது நாலாவது. தங்கபாய் ஓய்வூதிய ஆணையில் தங்கம் ஆகிவிடுவார், ஆதாரில் தங்கம்மாள் ஆகிவிடுவார். கணவர் இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. அவர் இறந்த மறுமாதம் மூன்று தங்கங்களும் ஒருவரே என்று நிரூபிக்க வேண்டும். அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டு எழுதும் நம் வழக்கமும், குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கும் கணினியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கல்யாணம், குழந்தை பிறப்பு, பெயர் திருத்தம் எல்லாம் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற ராணுவப் பதிவில் ஏற வேண்டும். பணியில் இருக்கும்போது யூனிட் எழுத்தரே முடித்துவிடுவார். வெளியே வந்த பிறகு ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு அது நீலகிரியின் வெலிங்டனில் இருக்கிறது. கோயில் கல்யாணமோ சர்ச் கல்யாணமோ, கையிலிருக்கும் சான்றோடு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனால் விண்ணப்பத்தை முறைப்படுத்தி அனுப்பித் தருவார்கள். கணவர் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்யச் சொன்னால் அபசகுனமாகப் பார்க்கிறார்கள். நான் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

குடும்ப ஓய்வூதியத்தின் அளவு மரணம் எப்படி நேர்ந்தது என்பதைப் பொறுத்தது. சாதாரண மரணம் என்றால் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், தொடக்கத்தில் சில ஆண்டுகள் 50 சதவீதம். பணியின் காரணமாக இறந்தால் 60 சதவீதம். போர்க்களத்தில் என்றால் 100 சதவீதம். இப்போது பெரும்பாலும் எல்லாம் 'ஸ்பர்ஷ்' என்ற இணைய முறையில் வருகிறது. ஆண்டுக்கு ஒரு முறை உயிர்வாழ் சான்று கொடுக்காவிட்டால் பணம் நின்றுவிடும்.

அதே நல அலுவலகத்தில்தான் மாநில அரசின் உதவிகளும். 2024 சுதந்திர தின உரையில் அறிவிக்கப்பட்ட 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடனும் அதில் 30 சதவீத மானியமும் உண்டு.

எல்லாக் கதவும் மூடினால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். இதற்குமுன் உயர் நீதிமன்றத்தில் பல்லாண்டு காத்திருந்த வழக்குகளுக்காக 2007 சட்டத்தால் உருவானது. ஓய்வு பெற்றவர்களுக்குப் பெரும்பாலும் வசிக்கும் இடத்தை வைத்தே அமர்வு என்பதால், கொச்சி அமர்வு பக்கத்தில் இருந்தும், நம் ஆட்கள் 700 கிலோமீட்டர் தள்ளிச் சென்னைக்குப் போக வேண்டும். அதற்கு முன் துறைக்குள்ளேயே மேல்முறையீடு செய்திருக்க வேண்டும். நாள் கடத்தாதீர்கள். ஓய்வூதியக் குறைவு மாதாமாதம் தொடரும் தவறு என்பதால் தாமதமாகப் போனாலும் வழக்கு எடுபடும். ஆனால் பழைய பாக்கி பொதுவாக மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும். 2008இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. இருபது வருடம் பொறுத்தவர் பதினேழு வருடப் பணத்தை இழக்கிறார்.

இப்போது என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் அக்னிவீரர்களின் அம்மாக்கள். நான்கு வருடத்துக்கு மட்டும் படையில் சேர்க்கும் அக்னிபத் திட்டம் 2022இல் வந்தது. நான்கு வருடம் முடிந்தால் சேவா நிதியாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் கையில் வரும். நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, இ.சி.எச்.எஸ். இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. பணியில் ஊனம் ஏற்பட்டால் அளவைப் பொறுத்து 44, 25 அல்லது 15 லட்சம் ரூபாய் உண்டு. அங்கும் மெடிக்கல் போர்டு அதே கேள்வியைத்தான் கேட்கும்: பணியால் வந்ததா, பணியால் மோசமானதா? எந்தத் தேதியில் எந்தப் பயிற்சியில் விழுந்தான், எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் இருந்தான் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்து, விடுமுறைக்கு வரும்போது வீட்டில் கொடுத்துவிட்டுப் போகச் சொல்கிறேன்.